தாத்தாவின் காற்றுத் துப்பாக்கி



"சார், தாத்தா வீட்டுல பழைய காத்துத் துப்பாக்கி ஒண்ணு இருக்கு, வெச்சிக்கலாமா?" என்று செரண்டா மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். பதில் வரலாற்றில் இருக்கிறது, பாருங்கள்.

1905-இல் பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம், லிங்கன் ஜெஃப்ரிஸ் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியைத் தயாரிக்கத் தொடங்கியது. அதில் வெடிமருந்து கிடையாது. நெம்புகோலை இழுத்தால் சுருள்வில் இறுகும். விசையை அழுத்தினால் வில் விரிந்து, காற்றை அழுத்தி, ஈயக்குண்டைத் தள்ளும். இங்கிலாந்தில் இன்றும் இவற்றைச் சேகரித்துச் சுட்டுப் பழகுவோர் உண்டு. சக்தி குறைந்தவற்றுக்கு அங்கே உரிமம் வேண்டாம்.

நம்ம நாட்டுக் கதை வேறு. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்றானது. அந்த டிசம்பரில், செரண்டாவுக்கு அருகே பத்தாங்காலியில், ஆயுதமில்லாத 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். அவசரகாலம் 1960-இல் முடிந்தது. ஆனால், அதே ஆண்டின் ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதம் என்றே சொல்கிறது.

ஆகவே, "தாத்தா ஞாபகம்"னு சொன்னா சட்டம் ஏற்காது. உரிமம் இல்லையென்றால், அதைத் தொடாமல், பெரியவர்கள் மூலம் போலீசுக்குத் தெரிவியுங்கள். தேர்வில், ஒரே பொருளை இரு நாடுகள் வெவ்வேறாக நடத்துவதை ஆண்டுகளோடு எழுதுங்கள்.