தப்பெண்ணமும் தெரிந்த முகமும்

தப்பெண்ணம் என்பது ஒருவரை அவருடைய நடத்தையைக் கொண்டு எடைபோடாமல், அவர் என்ன சாதி, என்ன மதம், எந்த இனம் என்பதைக் கொண்டே முன்கூட்டித் தீர்ப்பு எழுதிவிடும் மனப்போக்கு. அதை வெறுப்பு என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் பிடிபடும். ஒரு கூட்டத்தையே வாய்க்கு வந்தபடி ஏசுகிறவர், அதே கூட்டத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு நடுராத்திரியில் நெஞ்சுவலி என்றால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிவரை கூடவே போவார். கேட்டால், "இவரு அவங்கள மாதிரி இல்லீங்க, இவரு வேற" என்பார். இதை வேடம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர் ஏசியதும் உண்மை, ஓடிப்போய் உதவியதும் உண்மை. ஒன்றையொன்று இடிக்காமல் இரண்டும் ஒரே மனத்தில் எப்படிக் குடியிருக்கின்றன என்று பார்த்தால், "இவரு வேற" என்ற அந்த இரண்டு சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. தெரிந்த ஒருவரை விதிவிலக்காக்கிவிட்டால், விதியைத் தொடவே வேண்டியதில்லை.

இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர் 1930 தொடங்கி, ஒரு சீன மாணவரோடும் அவர் மனைவியோடும் காரில் ஏறத்தாழ 10,000 மைல் சுற்றினார். சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்று 1882இல் போட்ட சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. மேற்குக் கரையில் சீனர் என்றாலே முகம் சுளிப்பார்கள். முடிந்த இடங்களிலெல்லாம் லாபியர் பெட்டி படுக்கையை எடுக்கிற சாக்கில் காரருகே பின்தங்கிக்கொண்டு, அறை கேட்க நண்பரையே முன்னால் அனுப்பினார். 66 விடுதிகளில் இடம் கிடைத்தது, 184 உணவகங்களில் சாப்பாடு கிடைத்தது. மறுத்த இடம் ஒன்றே ஒன்று. பிறகு அதே இடங்களுக்கு, சீன இனத்தவரை விருந்தினராக ஏற்பீர்களா என்று கேட்டுக் கடிதம் அனுப்பினார். 128 இடங்களிலிருந்து பதில் வந்தது. பத்தில் ஒன்பதுக்கு மேல் 'மாட்டோம்' என்றன. 1934இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையில் எண்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு சின்னத் தகவல். 'ஏற்போம்' என்று எழுதியவர், கார்ப் பயணிகள் தங்கும் சிறு முகாம் ஒன்றை நடத்திவந்த பெண்மணி. போன கோடையில் ஒரு சீனரும் அவருடைய அருமையான மனைவியும் வந்து தங்கியதைப் பற்றி ஒரு நீண்ட கடிதமும் சேர்த்து அனுப்பியிருந்தார். மற்றவர்கள் தாளில் இருந்த இனப் பெயருக்குப் பதில் சொன்னார்கள். அவர் தான் பார்த்த இரண்டு முகங்களுக்குப் பதில் சொன்னார்.

லாபியரின் முறையில் ஓட்டைகள் உண்டு. கூடவே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் நின்றது கணக்கை மாற்றியிருக்கலாம். கடிதத்துக்குப் பதில் எழுதிய முதலாளியும் வாசலில் சாவி கொடுத்த ஊழியரும் வெவ்வேறு ஆட்களாக இருந்திருக்கலாம். வாசலில் வந்து நிற்கும் வாடிக்கையாளரை விரட்ட எந்த வியாபாரிக்கும் மனம் வராது. இவ்வளவையும் ஒப்புக்கொண்டாலும் ஒன்று மிஞ்சுகிறது. முகத்துக்கு நேரே சொல்லக் கூசுவதைத் தாளில் எழுதப் பெரும்பாலோருக்குக் கூசவில்லை. இன்று ஒருவருடைய வேலையும் வீடும் பெரும்பாலும் தாளில்தானே முடிவாகின்றன? 2007இல் ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டுவெலும் இந்தியத் தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான். அந்த உறைகளைப் பிரித்த அதிகாரிகளுக்குத் தலித் நண்பர்களும் முஸ்லிம் சகாக்களும் இருந்திருக்க மாட்டார்கள் என்று சொல்லவே முடியாது. உறைக்குள் இருந்தது நண்பர் அல்ல, ஒரு பெயர். சென்னையில் 'சைவம் மட்டும்' என்று வாடகைப் பலகை மாட்டும் வீட்டுக்காரரும் அலுவலகத்தில் யாரோடு வேண்டுமானாலும் உட்கார்ந்து டீ குடிப்பார்.

உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளிவந்த 'தப்பெண்ணத்தின் இயல்பு' என்ற நூலில் இப்படி விதிவிலக்கு வைப்பதைப் பிய்ந்த வேலியைத் திரும்ப அடைப்பதற்கு ஒப்பிட்டார். நம் பக்கத்துச் சொல்லில் சொன்னால் இது கோட்டைக் கதவில் வைக்கும் திட்டிவாசல். ஒரு ஆள் குனிந்து நுழையலாம், பெரிய கதவு சாத்தியே இருக்கும். இதற்கு மிகக் கொடிய சான்று நாஜி ஜெர்மனியில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்து யூத மருத்துவர் எடுவார்ட் பிளாக், 1907இல் புற்றுநோயில் இறந்த ஹிட்லரின் தாய்க்குச் சிகிச்சை செய்தவர். 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டபின் அவருக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு கிடைத்தது. 1940இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அந்த மருத்துவரிடம் ஹிட்லருக்கு இருந்த நன்றி பொய்யென்று நினைக்கத் தேவையில்லை. அந்த நன்றி மற்ற யூதர்கள்வரை எட்டவில்லை என்பதுதான் விஷயம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 1943 அக்டோபரில் போசன் நகரில் நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரிகளிடம் பேசிய அதன் தலைவர் ஹிம்லர், எட்டுக் கோடி ஜெர்மானியர் ஒவ்வொருவரும் 'நல்ல யூதர்' ஒருவரைக் கைவசம் வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று எரிச்சல்பட்டார். கொலைகாரர்களே தனிமனித இரக்கத்துக்கு அஞ்சினார்கள் என்றால் அது தப்பெண்ணத்தின் எதிரிதானே? உயிர் காப்பதில் எதிரிதான், அதைக் குறைத்துப் பேச முடியாது. 1983 ஜூலையில் கொழும்பில் கலவரக்காரர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போனபோது, சிங்கள அயலவர்கள் பலர் தெரிந்த தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்தார்கள். அந்த அடைக்கலத்தால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் பட்டியல் தெரு முழுக்கப் போனது. அடைக்கலம் தெரிந்த வீட்டோடு நின்றது. தமிழர் தரப்பிலும் இதே கதைதான். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம்தான் அவகாசம். தலைமுறை தலைமுறையாக ஒரே கடைத்தெருவில் புழங்கிய பழக்கம் அந்த உத்தரவைத் தடுக்கவில்லை. ஹிம்லரின் எரிச்சலுக்கும் உண்மையில் காரணம் இல்லை. ஆளுக்கொரு விதிவிலக்கு கேட்டவர்கள், விதியே கூடாது என்று கேட்கவில்லை.

பழகப் பழகச் சரியாகும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு ஆகியவை இருந்தால் பழக்கம் தப்பெண்ணத்தைக் குறைக்கும் என்றார் ஆல்போர்ட். உளவியலாளர்கள் பெட்டிகுரூவும் டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட கணக்கும் பொதுவாக அவர் பக்கமே பேசுகிறது. சமையல்காரரோடும் தோட்டக்காரரோடும் வரும் பழக்கம் இதில் சேராது, அங்கே சம அந்தஸ்து ஏது? ஆனால் சமமாகப் பழகினாலும் மாற்றம் எதுவரை போகும்? ஆய்வாளர் சல்மா மூசா 2020இல் வெளியிட்ட ஆய்வு இதில் கூர்மையானது. ஐ.எஸ். தாக்குதலால் இடம்பெயர்ந்த ஈராக்கியக் கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகள் சிலவற்றில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்துப் பார்த்தார். கலப்பு அணியில் ஆடியவர்கள் ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சிக்குப் போனார்கள். எதிரணி முஸ்லிமுக்கு நற்பண்புப் பரிசு தரவும் வாக்களித்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மோசுல் நகரத்து உணவகத்தில் போய்ச் சாப்பிடச் சொன்னால், மற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாகப் போனதாகத் தெரியவில்லை. மைதானத்தில் பிறந்த நட்பு மைதானத்து எல்லையைத் தாண்டத் திணறியது.

அப்படியானால் விதி எப்படித்தான் மாறுகிறது? சீனரைத் தடுத்த அமெரிக்கச் சட்டம் 1943 டிசம்பரில் நீக்கப்பட்டது. லாபியரின் நண்பருக்கு அறை கொடுத்தவர்கள் திரண்டு போய்க் கேட்டதால் அல்ல. ஜப்பானுக்கு எதிரான போரில் சீனா கூட்டாளி. அந்தச் சட்டத்தைக் காட்டி ஜப்பான் ஆசிய நாடுகளில் பிரசாரம் செய்துகொண்டிருந்தது. நீக்கியபின் சீனருக்கு ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு 105. அந்த 105 பேரும் சீனாவிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. சீன வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும், எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், விண்ணப்பம் போட்டால் அந்த 105க்குள்தான் எண்ணப்பட்டார்.