பெரட்டுத் தப்பும் பெண்ணின் பொழுதும்



நானுஓயாவைத் தாண்டிப் பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதையில் இருக்கிறது பட்டிப்பொல. ஏறக்குறைய 6,200 அடி உயரத்தில் அமைந்த இதுவே இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம். 1885இல் நானுஓயாவை எட்டிய இருப்புப்பாதை, இந்த மலைமுகட்டைக் கடந்து அப்புத்தளையைச் சேர 1893 ஆயிற்று. அந்தப் பாதை தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டுசென்ற வரலாறு நமக்குத் தெரியும். அந்தக் கொழுந்தைப் பறித்த பெண்களின் மன அலுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்று அதனை நோக்குவோம்.

என் அப்பாயி இப்பகுதித் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். “உடம்பு அலுப்பு தூங்குனா போயிரும். மனசு அலுப்புக்குத் தூக்கமே வராது” என்பார். சிறுவயதில் எனக்கு இது விளங்கவில்லை.

அவருடைய நாள் எப்படிக் கழிந்தது? விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு ஓடவேண்டும். தப்புச் சத்தம் கேட்டதும் பெரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். பிந்தினால் அன்றைய பேர் இல்லை. மலையில் கங்காணியின் குரல், மடுவத்தில் தராசு. நிறை குறைந்தால் அரைப்பேர். கவ்வாத்து வெட்டவும் முள்ளுக் குத்தவும் போன ஆண்கள் பலர் கணக்கு வேலையை முடித்துப் பிற்பகலிலேயே லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பெண்கள் பொழுது சாய வந்து விறகு, தண்ணீர், சமையல் என்று இரண்டாவது பெரட்டைத் தொடங்குவார்கள்.

இந்த ஏற்றத்தாழ்வைச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருந்தது. கடன் பற்றைக் காட்டித் தொழிலாளரைக் கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் 1929இல் மலைநாட்டுக்கு நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டபோது ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. சம சம்பளம் வந்தது 1984இல்தான், அதுவும் வேலைநிறுத்தத்தின் பின்னர். அப்பாயி அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே வேலையிலிருந்து நின்றுவிட்டார்.

சம்பளம் சமமானாலும் அதை எண்ணியது யார் கை? சர்வதேசத் தொழில் தாபனம் 1982இல் வெளியிட்ட, றேச்சல் குரியன் எழுதிய ஆய்வு, பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ பெற்றுக்கொள்ளும் வழக்கத்தைச் சுட்டிக்காட்டியது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. சம்பள நாளில் தாத்தாதான் போவார். ஆறு நாளும் மலையேறியவர் ஒரு சீட்டித்துணிக்கும் கேட்டு நிற்கவேண்டும்.

அப்பாயி சொன்னதன் பொருளைப் பிற்காலத்தில் அறிஞர் வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். வேலைப்பளு மிகுந்து, வேலையைத் தீர்மானிக்கும் உரிமை குறைந்திருக்கும்போதே மன இறுக்கம் மிகுகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் றொபேட் கராசெக் 1979இல் எழுதினார். பிரித்தானிய அரச ஊழியர்களை ஆராய்ந்த மைக்கேல் மார்மொட் முதலியோர், மேல்நிலை அதிகாரிகளைவிடக் கீழ்நிலை ஊழியர்களே இருதய நோயால் அதிகம் இறந்ததைக் கண்டார்கள். தோட்டத்துப் பெண்ணுக்கோ மலையிலும் அதிகாரமில்லை, அடுப்படியிலும் ஓய்வில்லை, உழைத்த காசிலும் உரிமையில்லை.

இலக்கியம் இதைக் காணாமலில்லை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இலேயே ஒரு தோட்டப் பெண்ணின் வாழ்க்கையை நாவலின் நடுவில் வைத்தது. ஆயினும் எங்கள் வகுப்பறைகளில் தாய் என்றால் இன்றும் மெழுகுவர்த்திதான். “தன்னை உருக்கி ஒளி தருபவள்” என்று எழுதிய எத்தனையோ கட்டுரைகளுக்கு நானும் சரி போட்டிருக்கிறேன். ஒரு முறை ஒரு மாணவன் மட்டும், “எங்கள் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை” என்று எழுதியிருந்தான். அன்றுதான் எனக்கு உறைத்தது. பொறுமையின் வடிவம் என்று புகழ்ந்து புகழ்ந்தே அவர்கள் முதுகில் இன்னொரு கூடையை ஏற்றிவிட்டோம். ‘முடியவில்லை’ என்று சொன்னால் நல்ல தாய் அல்ல, நல்ல மருமகள் அல்ல என்று ஆக்கிவிட்டோம்.

இன்று மகள்மார் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். தங்கையின் கலியாணமும் தம்பியின் படிப்பும் அவர்களோடு கூடவே போகின்றன. மலை மாறினாலும் கூடை மாறவில்லை.

சம்பளத்துக்காகத் தொழிற்சங்கம் போராடியது. அடுப்படியை யார் பேசித் தீர்ப்பது? அதற்கு வேலைநிறுத்தம் வேண்டாம். உழைத்த காசை அவர் கையாலேயே வாங்கி அவரே செலவு செய்யட்டும். மாலையில் தண்ணீர்க் குடத்தை மகனும் தூக்கட்டும். அந்த மாணவனின் கட்டுரைக்குக் கீழே, “இன்று அம்மாவை உட்காரவைத்து நீ பரிமாறு” என்று எழுதிக் கொடுத்தேன். அன்றிரவு என் வீட்டிலும் நானே பரிமாறினேன். முதல் முறையாக என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.