பெடலுக்குக் கொடுத்த சலுகை

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனிடமே வந்து, லைசென்ஸ் வேண்டாத வண்டி எது என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பூக்கட்டி விற்கும் அம்மா, ஓய்வுபெற்ற வாத்தியார், பத்தாம் வகுப்பு படிக்கும் மகளை டியூஷனுக்கு அனுப்ப வேண்டிய அப்பா என்று பலரும் வருகிறார்கள். "அண்ணே, பேட்டரி வண்டிக்கு எட்டுப் போட வேணாமாமே, நெசந்தானா?" திண்டுக்கல்லில் எட்டுப் போடக் கற்றுக்கொடுத்துத்தான் என் அடுப்பு எரிகிறது. ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுவேன். நெசந்தான், ஆனால் ஒரே ஒரு வகை வண்டிக்கு மட்டும்.

அந்த வகைக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2005-ஆம் ஆண்டு இடம் கிடைத்தது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் அடங்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு எடை போட்டால் 60 கிலோவைத் தாண்டக் கூடாது. அரசு அங்கீகரித்த சோதனை நிலையம் ஒன்று இவற்றைப் பார்த்துச் சான்று கொடுத்துவிட்டால், அந்த வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே இல்லை. ஆகவே லைசென்ஸ், ஆர்.சி. புக், நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. ஓட்டுகிறவருக்கு வயது வரம்புகூட எழுதப்படவில்லை.

இந்த எண்கள் இங்கே பிறந்தவை அல்ல. அவற்றின் ஊரைத் தேடிப் போனால் பெடலில் போய் நிற்கும்.

பெடல் நமக்குப் புதிதா என்ன? திருப்பதியில் செய்த சுவேகா, 1972-இல் புனேயிலிருந்து வந்த லூனா, 1980-இல் ஓசூரிலிருந்து புறப்பட்ட டிவிஎஸ் 50 என எல்லாவற்றுக்கும் பெடல் இருந்தது. ஸ்டாண்டு போட்டு நாலு மிதி மிதித்தால் இன்ஜின் உயிர் பெறும். பெட்ரோல் தீர்ந்துவிட்டால் மிதித்தே பங்க் வரை போய்விடலாம். பால் கேன், வாழைத்தார், குடும்பத்தில் பாதி என்று எல்லாம் ஏறும் டிவிஎஸ் 50-இன் பெடலை நம் சட்டம் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. பெடல் இருந்தாலும் இன்ஜின் இன்ஜின்தான். நம்பர் உண்டு, லைசென்ஸ் உண்டு. 50 சிசி வரை பதினாறு வயதில் ஓட்டலாம் என்ற ஒரு தளர்வு மட்டும் இருந்தது. அது 1988 சட்டத்தில் இன்றும் இருக்கிறது. அதற்குள் வண்டிகள் 70 சிசி, 100 சிசி என்று வளர்ந்துவிட்டதால், அந்தப் பதினாறு வயதுச் சலுகைக்குப் பெட்ரோல் வண்டி கிடைப்பதே அரிது. பையன்களைக் கூட்டிவரும் அப்பாக்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பெடலைப் பார்த்து இரக்கப்பட்டவை வெளிநாட்டுச் சட்டங்கள். பிரிட்டன் 1983-இல் ஒரு விதி போட்டது. பெடல் இருக்க வேண்டும், மோட்டார் 200 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, மூன்று சக்கரமானால் 250 வாட் வரை, வேகம் மணிக்கு 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டர். இதற்குள் அடங்கினால் பதினாலு வயதுப் பிள்ளை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டலாம். மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. பெடல் வண்டியில் இருந்தால் போதும். வீட்டுக் கம்ப்யூட்டர் செய்து பேர் வாங்கிய கிளைவ் சின்க்ளேர் அந்த விதியின் அளவுக்கே ஒரு மூன்று சக்கர வண்டியைத் தைத்தார். சி5 என்று பேர், விலை 399 பவுண்டு. 1985 ஜனவரியில், லண்டன் பனியில், அறிமுகம் செய்தார்கள். படுத்தாற்போல் உட்கார்ந்து ஓட்டும் அந்த வண்டி லாரிக்காரர் கண்ணில் படாது என்று எல்லோரும் பயந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் உற்பத்தி நின்றுபோனது. வண்டி போய்விட்டது. சட்டம் சொன்ன அளவுக்குள் வண்டியைச் செய்து லைசென்ஸைத் தாண்டிவிடலாம் என்ற யோசனை போகவில்லை.

ஜப்பானியர் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். அங்கே மோட்டார் தானாக வண்டியை நகர்த்திவிட்டால் அது மொபெட் கணக்கு. லைசென்ஸ், ஹெல்மெட், நம்பர் எல்லாம் வேண்டும். யமஹா 1993-இல் கொண்டுவந்த 'பாஸ்' சைக்கிளில் ஆக்சிலேட்டரே கிடையாது. மிதியின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கும். நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அதே அளவு மோட்டாரும் தள்ளும். மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் உதவி குறையத் தொடங்கி 24-இல் நின்றுவிடும். காலை எடுத்தால் மோட்டாரும் ஓயும். சட்டத்துக்குப் பயந்து செய்த இந்த ஏற்பாடு, வாடிக்கையாளருக்கும் பிடித்துப்போனது. மேடு ஏறும்போது யாரோ பின்னால் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும்.

ஐரோப்பா 2002-இல் இதை எண்களாக்கியது: 0.25 கிலோவாட், மணிக்கு 25 கிலோமீட்டர். அந்த வேகம் வரும்போது திறன் படிப்படியாகக் குறைந்து நிற்க வேண்டும், மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நின்றுவிட வேண்டும். அதாவது சலுகை மிதிக்கிற காலுக்கு. கை மட்டும் முறுக்கினால் சலுகை இல்லை.

சீனாவில் நடந்தது நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். 1999-இல் அவர்கள் போட்ட தரவிதி வேகம் 20 கிலோமீட்டர், எடை 40 கிலோ, மோட்டார் 240 வாட், பெடல் கட்டாயம் என்றது. அடங்கினால் சைக்கிள் கணக்கு. பெரிய நகரங்கள் பெட்ரோல் பைக்குகளை விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. குவாங்சோ 2007-இல் அடியோடு தடை செய்தது. ஜனங்கள் பேட்டரி வண்டிக்குத் தாவினார்கள். ஸ்கூட்டர் உடம்பு, கையில் ஆக்சிலேட்டர், ஒப்புக்கு ஒரு ஜோடி பெடல் என்று வண்டிகள் வந்தன. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போனதும் பெடலைக் கழற்றிப் பரண்மேல் போட்டார்கள். 2019-இல் அமலுக்கு வந்த தரவிதி வேகத்தை 25, எடையை 55 கிலோ, மோட்டாரை 400 வாட் என்று உயர்த்தியும் பெடலை விடவில்லை. 2025 செப்டம்பரில் வந்த புது விதியில்தான், எல்லா வண்டிக்கும் பெடல் வேண்டும் என்ற கட்டாயத்தைக் கைவிட்டார்கள். பரண்மேல் கிடந்த பெடலை அரசு ஒப்புக்கொள்ளக் கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

அமெரிக்கா கையை வெறுக்கவில்லை. 2002-இல் வந்த சட்டத்தில் பெடல் இருந்து, மோட்டார் 750 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 20 மைலுக்குள் என்றால் ஆக்சிலேட்டர் முறுக்கும் வண்டியும் சைக்கிள்தான். ஆனால் அது கடையில் விற்கும் பொருளுக்கான சட்டம். சாலையில் ஓட்டுவதை மாநிலங்கள் தீர்மானிக்கும். அந்த இடைவெளியில் சிக்கியவர்கள் நியூயார்க்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளிகள். பெரும்பாலும் சீனாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். 2017 அக்டோபரில் மேயர் பில் டி பிளாசியோ ஆக்சிலேட்டர் வண்டிகள்மேல் கடும் நடவடிக்கை அறிவித்தார். அபராதம் 500 டாலர் வரை, வண்டியும் பறிபோகும். மறு ஆண்டு மிதித்தால் உதவும் வண்டிக்கு மட்டும் வழி திறந்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் தெருத்தெருவாக அலைகிறவன் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவனுக்குத் தொல்லை இல்லை என்பதுதான் அதன் பொருள். 2019-இல் ஆக்சிலேட்டர் வண்டியையும் அனுமதிக்க மாநிலச் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கியூமோ நிராகரித்தார். கொரோனா வந்து ஊர் முழுக்க வீட்டுக்குள் அடைந்து, இந்த வண்டிக்காரர்கள் இல்லாமல் சோறு வராது என்றானபோது, 2020 ஏப்ரலில் ஆக்சிலேட்டர் வண்டியையும் அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது.

இப்போது நம் 2005 விதிக்கு வருகிறேன். அதில் பெடல் சைக்கிளைப் பற்றிய பகுதி ஐரோப்பிய வாசகத்தின் நகல்போலவே இருக்கும். அந்த 0.25-உம் 25-உம் அங்கிருந்தவைதான். ஆனால் நம்மவர்கள் ஒரு படி தாண்டினார்கள். காலுக்காக ஐரோப்பா கொடுத்த அளவை எடுத்து, பெடலே இல்லாத ஸ்கூட்டரின் ஆக்சிலேட்டருக்கும் கொடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் நல்ல காரியம். முழங்கால் வலிக்காரருக்கும் சேலை கட்டி ஓட்டும் பெண்களுக்கும் மிதிக்கச் சொல்வதில் என்ன நியாயம்?

வண்டிகள் வந்தன. குஜராத்திலிருந்து யோபைக் வந்தது. சென்னையில் டிஐ சைக்கிள் குடும்பம் பிஎஸ்ஏ பெயரில் ஸ்கூட்டர் விற்றது. கோவையில் 2008-இல் ஹேமலதா அண்ணாமலை ஆம்பியரைத் தொடங்கினார். எல்லாம் ஈய பேட்டரிக் காலம். பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், மாற்றும் செலவைக் கேட்டால் தலை சுற்றும். 2010 நவம்பரில் மத்திய அரசு மெதுவான வண்டிக்கு 4,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தது. 2012 மார்ச்சில் அது முடிந்ததும் விற்பனை சரிந்து பல கம்பெனிகள் கடையைக் கட்டின. 2019-இல் வந்த, மின்வாகனங்களுக்கு மானியம் தரும் மத்திய அரசின் இரண்டாம் ஃபேம் திட்டம் மணிக்கு 40 கிலோமீட்டராவது போகும் வண்டிக்குத்தான் மானியம் என்றது. சட்டம் சலுகை கொடுத்த அதே வண்டிக்குப் பணம் கொடுக்க அரசுக்கு மனமில்லை.

250 வாட் என்பது ஒரு குதிரைத் திறனில் மூன்றில் ஒரு பங்கு. சமதரையில் ஒரு ஆளை இழுக்கும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினால் வண்டி திணறும். சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார். இங்கேதான் கோளாறு தொடங்குகிறது. பல வண்டிகளின் கண்ட்ரோலரில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு சின்ன ஒயர். அதைக் கழற்றிவிட்டால் நாற்பதைத் தொடும் வண்டியும் உண்டு. மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறை 2022 மே மாதத்தில் இப்படி மாற்றிய வண்டிகளைப் பிடிக்கத் தனி நடவடிக்கையே எடுத்தது. விதியில் சொல்லும் முப்பது நிமிடத் திறன் என்பது சூடேறாமல் அரை மணி நேரம் தாங்கும் அளவு. நொடிப்பொழுதில் அதைவிட அதிகம் இழுக்கும் மோட்டாரிலும் 250 வாட் என்று ஒட்டி விற்கலாம். ஆக, ஸ்டிக்கரை நம்பிப் பயனில்லை.

ஒயரைக் கழற்றிய மறு நிமிடம் அது மோட்டார் வாகனம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 5,000 ரூபாய் அபராதம். ஓட்டியது பதினெட்டு நிரம்பாத பிள்ளை என்றால் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் இருக்கிறது. டியூஷனுக்குச் சீக்கிரம் போகட்டும் என்று ஒயரைப் பிடுங்கச் சொன்ன அப்பாக்கள் யாருக்கும் இது தெரியாது.

பதிவு செய்த எலக்ட்ரிக் வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட். இந்த மெதுவான வண்டிக்கு ஒன்றுமே இல்லை. போலீஸ்காரர் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார், ஒயர் இருக்கிறதா என்று மட்டும் அவருக்குத் தெரியாது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை இன்சூரன்ஸ். இந்த வண்டி ஒரு பாட்டிமேல் மோதி அவர் இடுப்பு எலும்பு உடைந்தால் ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுப்பது? மோட்டார் வாகனம் இல்லை என்பதால் கட்டாய மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் அவருக்கு இல்லை. சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மிதிக்கிற சைக்கிளுக்கு இந்தக் கணக்கு சரி. பேட்டரியோடு எழுபது, எண்பது கிலோ எடையில் சத்தமே இல்லாமல் வரும் ஸ்கூட்டருக்குச் சரியில்லை.

லைசென்ஸ் விற்றுப் பிழைக்கிறவன் சொல்கிறேன்: மெதுவான வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம், எட்டும் வேண்டாம். ஒரு நம்பரும், குறைந்த கட்டணத்தில் மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் போதும். அரசு அதைச் செய்யும்வரை, வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் சோதனை நிலையச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் போடுங்கள். ஒயரைக் கழற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடையில் வண்டி வாங்காதீர்கள்.