காணாமல் போன குழந்தையும் தடம் பார்த்தவர்களும்

2025 அக்டோபரில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி எனக்கு ஒரு காணொளியை அனுப்பி, "அண்ணே, இது உண்மையா?" என்று கேட்டார். தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில், பக்கத்து வீடு கண்ணுக்கே தெரியாத ஒரு செம்மறியாட்டுப் பண்ணையிலிருந்து நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் செப்டம்பர் இறுதியில் காணாமல் போயிருந்தான். போலீஸ், ராணுவம், ட்ரோன், தடம் பார்க்கத் தெரிந்தவர்கள் என்று பெரிய தேடுதல் நடந்தது. தம்பி அனுப்பிய காணொளியில் பேசியவர் அந்த மண்ணை மிதித்தவர் அல்ல. ஆனால் குடும்பத்தில் யார் குற்றவாளி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கீழே ஆயிரக்கணக்கில் கருத்துகள். செயற்கை நுண்ணறிவால் செய்த பொய்ப்படங்களும் அதே வாரங்களில் சுற்றின.

அந்தச் சிறுவனுக்கு என்ன ஆனது என்பது பற்றி நான் இங்கே ஒரு வரிகூட ஊகிக்கப் போவதில்லை. அது விசாரணை செய்பவர்களின் வேலை. தம்பிக்குச் சொல்ல நினைத்தது வேறு. அந்த நாட்டில் காணாமல் போன குழந்தையைப் பற்றிய வதந்திக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. யார் பேச்சு சாட்சியாகிறது, யார் பேச்சு காற்றில் போகிறது, எந்தக் குழந்தைக்காக ஊரே கிளம்புகிறது என்பதெல்லாம் அந்த வரலாற்றுக்குள் இருக்கிறது. நம் ஆட்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் தெரிந்த வழக்கிலிருந்து தொடங்குகிறேன். 1980 ஆகஸ்ட் 17 இரவு, உலுரு பாறையருகே கூடாரம் போட்டுத் தங்கியிருந்த சேம்பர்லைன் தம்பதியின் ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமல் போனாள். டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று தாய் லிண்டி கத்தினார். அங்கே டிங்கோக்கள் மனிதர்களுக்கு அஞ்சாமல் நடமாடுவது பற்றித் தலைமை வனக்காப்பாளர் ஏற்கெனவே மேலிடத்தை எச்சரித்திருந்தார்.

அன்றிரவே தேடுதல் தொடங்கியது. அந்த மண்ணின் மக்களான அனங்குகளும் அதில் இருந்தார்கள். கூடாரத்திலிருந்து போன டிங்கோவின் தடம் கிடைத்தது. மணலில் ஓரிடத்தில், வாயில் கவ்வியிருந்த எதையோ அது கீழே வைத்து மறுபடி எடுத்ததுபோல் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் பின்னல் துணி பதிந்தது போன்ற அச்சு. நுவே மின்யின்டிரி, நிப்பர் வின்மாட்டி, அவர் மனைவி பார்பரா ட்ஜிகாடு ஆகியோர் தடம் பார்த்தவர்கள். அவர்களுக்கு மணல் என்பது நாம் செய்தித்தாள் வாசிப்பதைப் போல. எந்த நடை சுமையோடு போன நடை, எது வெறுமனே போன நடை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். டிங்கோ ஒரு சுமையோடு போயிருக்கிறது என்றார்கள்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நாடு முழுக்கப் பேச்சு கிளம்பியது. இணையம் இல்லாத காலம். பத்திரிகை, தொலைக்காட்சி, சலூன், சாராயக்கடை போதுமானதாக இருந்தன. அசாரியா என்றால் "வனாந்தரத்தில் பலி" என்று அர்த்தமாம். உண்மையில் அது எபிரேயப் பெயர். கடவுள் துணை என்கிற பொருள். குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டிருந்தார்களாம். பெற்றோர் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள், தகப்பன் போதகர், ஆகவே நரபலி. தாய் தொலைக்காட்சியில் அழவில்லை, ஆகவே கொலைகாரி. முதல் மரண விசாரணை அதிகாரி டெனிஸ் பாரிட் வதந்தியை அடக்குவதற்காகவே 1981 பிப்ரவரியில் தன் முடிவைத் தொலைக்காட்சி கேமரா முன் வாசித்தார். குழந்தையைக் கொன்றது டிங்கோதான், பெற்றோர் மீது குற்றமில்லை என்றார். வதந்தி அதற்கும் அடங்கவில்லை.

பிறகு "அறிவியல்" வந்தது. காரில் சிசுவின் ரத்தம் இருந்தது என்று ஆய்வகம் சொன்னது. உடையில் கத்தரி வெட்டு என்று நிபுணர் சொன்னார். 1982 அக்டோபர் 29 அன்று டார்வின் நீதிமன்றம் லிண்டிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உடல் இல்லை, ஆயுதம் இல்லை, ஏன் கொன்றார் என்பதற்கு அரசுத் தரப்பு ஒரு காரணம்கூடச் சொல்லவில்லை. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. அடுத்த மாதம் பிறந்த பெண் குழந்தையை அவரிடமிருந்து பிரித்துவிட்டார்கள். "ரத்தம்" என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி, கார் செய்யும்போது ஓசை தடுக்க அடிக்கும் ரசாயனப் பூச்சு என்பது பின்னால் தெரிந்தது.

குழந்தை ஒரு சிறு மேல்சட்டை போட்டிருந்தது என்று லிண்டி ஆரம்பம் முதல் சொல்லிவந்தார். அது பொய் என்றது அரசுத் தரப்பு. 1986 பிப்ரவரியில், பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒரு பயணியின் உடலைத் தேடியபோது அந்தச் சட்டை மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. சில நாட்களில் லிண்டி வெளியே வந்தார். நீதிபதி மோர்லிங் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. பார்பரா ட்ஜிகாடு அங்கே மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தான் கண்டதைச் சொன்னார். லண்டன் நிபுணருக்கும் ஆய்வகத்துக்கும் கிடைத்த மரியாதை, அந்த மண்ணில் பிறந்து அதை வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் கிடைக்க இத்தனை வருடம் ஆனது. 1988இல் தண்டனை ரத்து. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை நீதிமன்றம் முடிவாகச் சொன்னது 2012 ஜூன் 12இல். முப்பத்திரண்டு வருடம். முதல் இரவு மணலில் எழுதியிருந்ததைத்தான் கடைசியில் தாளில் எழுதினார்கள்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். குழந்தை காணாமல் போன இரவில் உலுரு சட்டப்படி அனங்குகளுடையது அல்ல. 1985 அக்டோபர் 26 அன்றுதான் அரசு அதை அவர்களிடம் ஒப்படைத்தது. அதே நாளில் 99 ஆண்டுக் குத்தகைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. நிலம் யாருடையது என்று கேட்காத நீதிமன்றம், அந்த நிலத்தை வாசிக்கத் தெரிந்தவர் யார் என்று மட்டும் கேட்டுவிடுமா?

அனங்குகளின் கதை புதிதல்ல. இதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே, ஒரு செம்மறியாட்டுப் பண்ணையில் நடந்த சம்பவம் ஒன்று உண்டு. 1864 ஆகஸ்டில் விக்டோரியாவின் ஹார்ஷம் நகருக்கு மேற்கே ஒரு பண்ணைத் தொழிலாளியின் மூன்று பிள்ளைகள் துடைப்பத்துக்குச் செடி பறிக்கப் போய்க் காட்டில் வழி தவறினார்கள். மூத்தவன் ஐசக்குக்கு ஒன்பது வயது, ஜேனுக்கு ஏழு, பிராங்குக்கு இன்னும் நான்குகூட ஆகவில்லை. வெள்ளையர்கள் குதிரைகளில் நாள்கணக்கில் தேடினார்கள். இடையில் பெய்த மழை தடங்களை அழித்துவிட்டது. கடைசியில் பூர்வகுடியினர் மூவரை அழைத்துவந்தார்கள். அவர்களில் ஒருவர் வோட்ஜோபாலுக் மக்களைச் சேர்ந்த ஜுங்குன்ஜினானுக்கே. வெள்ளையர் அவருக்கு வைத்த பெயர் டிக்-எ-டிக். மூவரும் தடம் பிடித்துப் போய் ஒன்பதாம் நாள் பிள்ளைகளை உயிரோடு கண்டுபிடித்தார்கள்.

தம்பிக்குத் தன் உடையைக் கழற்றிப் போர்த்திய ஜேன் நாடறிந்த கதாநாயகி ஆனாள். பள்ளிப் பாடநூலில் இடம்பிடித்தாள். 1935இல் நினைவுக்கல் வைத்தார்கள். அந்தச் சிறுமி அந்தப் புகழுக்குத் தகுதியானவள்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. தடம் பார்த்த மூவர் அந்தக் கதையில் உதவிக்கு வந்து மறைகிறவர்கள், அவ்வளவுதான்.

ஆனால் டிக்-எ-டிக்கை இன்னோர் இடத்தில் பார்க்கலாம். 1868இல் இங்கிலாந்து சென்ற முதல் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணி கிட்டத்தட்ட முழுக்கப் பூர்வகுடியினர். 47 ஆட்டங்கள் ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் டிக்-எ-டிக் ஒரு குறுகலான கேடயத்தோடு மைதானத்தில் நிற்பார். பார்வையாளர்கள் காசு கொடுத்து அவர் மேல் பந்தெறியலாம். அவர் எல்லாவற்றையும் தடுத்துவிடுவார். குழந்தைகளை மீட்ட கண்ணும் கையும் அங்கே வேடிக்கைப் பொருளாயின. அடுத்த ஆண்டே, 1869இல், விக்டோரியா அரசு பூர்வகுடிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அவர்கள் எங்கே வசிக்கலாம், என்ன வேலை செய்யலாம், அவர்களின் பிள்ளைகள் யார் பொறுப்பில் வளர வேண்டும் என்பதையெல்லாம் அரசு தீர்மானிக்கலாம். பிறர் பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவரின் இனத்துக்குத் தன் பிள்ளை மீதே உரிமை இல்லை.

அந்தப் பண்ணைகள் எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆடு போகும் இடமெல்லாம் பூர்வகுடியினர் வெளியேற்றப்பட்டார்கள். விக்டோரியாவில் அவர்களின் முக்கிய உணவான முர்னோங் கிழங்கை ஆட்டு மந்தைகள் வேரோடு தின்று தீர்த்தன. பிறகு அதே மக்கள் அதே ஆடுகளை மேய்க்கும் கூலிகளானார்கள். கூலி பல இடங்களில் மாவு, சர்க்கரை, தேயிலை, புகையிலை. "குழந்தையை விழுங்கும் காடு" என்று வெள்ளையர் இலக்கியமும் ஓவியமும் திரும்பத் திரும்ப அஞ்சியது இந்த நிலத்தைப் பார்த்துத்தான். பீட்டர் பியர்ஸ் என்ற ஆய்வாளர் 1999இல் இது பற்றி ஒரு நூலே எழுதினார். பறித்த நிலம் தன்னை ஏற்றுக்கொள்ளவில்லையோ என்ற பயம் அது.

காணாமல் போனவை வெள்ளைக் குழந்தைகள் மட்டுமா? தெற்கு ஆஸ்திரேலியாவில், அதாவது 2025இல் சிறுவன் காணாமல் போன அதே மாநிலத்தில், 1911இல் ஒரு சட்டம் வந்தது. பெற்றோர் உயிரோடு இருந்தாலும்கூட, 21 வயது வரை ஒவ்வொரு பூர்வகுடிக் குழந்தைக்கும் சட்டப்படியான காப்பாளர் அரசு அதிகாரியே. 1910 முதல் 1970 வரை பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கும் மூன்றில் ஒருவருக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டார்கள் என்று 1997இல் தேசிய விசாரணை அறிக்கை சொன்னது.

அவர்களில் ஒருவர் புரூஸ் ட்ரெவரோ. 1957 கிறிஸ்துமஸ் அன்று, பதின்மூன்று மாதக் குழந்தையாக, வயிற்றுக்கோளாறோடு அடிலெய்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தகப்பனிடம் வண்டி இல்லை. அக்கம்பக்கத்தினரைக் கேட்டு அனுப்பிவைத்தார். குழந்தை தேறியது. வீட்டுக்கு மட்டும் வரவில்லை. செய்தித்தாள் விளம்பரம் பார்த்து வந்த ஒரு வெள்ளைத் தம்பதியிடம் அதிகாரிகள் கொடுத்துவிட்டார்கள். சில மாதங்கள் கழித்துத் தாய், "என் பிள்ளை எப்படி இருக்கிறான், எப்போது வருவான்?" என்று கேட்டுக் கடிதம் எழுதினார். குழந்தைக்கு இன்னும் சிகிச்சை நடக்கிறது என்று அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. பிள்ளை எங்கே என்று அந்த அலுவலகத்துக்குத் தெரியும். தாய்க்குத் தெரியாது. மகன் தாயை மறுபடி பார்க்கும்போது அவருக்குப் பத்து வயது, தகப்பன் இறந்துபோயிருந்தார். 2007 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு 5,25,000 டாலர் இழப்பீடு தரச் சொன்னது. திருடப்பட்ட தலைமுறையில் நீதிமன்றம் போய் இழப்பீடு வென்ற முதல் மனிதர். அடுத்த வருடமே இறந்துவிட்டார்.

அந்தத் தாயின் கடிதத்துக்காக ஹெலிகாப்டர் பறக்கவில்லை. அவர் மகனைப் பற்றி எந்தப் பத்திரிகையும் ஊகம் எழுதவில்லை. வதந்திக்குக்கூட ஒரு குழந்தை மனிதக் குழந்தையாகத் தெரிய வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பௌராவில் என்ற சிற்றூரைச் சொல்கிறேன். 1990 செப்டம்பருக்கும் 1991 பிப்ரவரிக்கும் இடையே ஐந்தே மாதத்தில், அங்கே ஒரே தெருவிலிருந்து மூன்று பூர்வகுடிப் பிள்ளைகள் காணாமல் போனார்கள். இருவருக்கு 16 வயது. நடுவில் காணாமல் போன சிறுமிக்கு நான்கு வயது, பண்ணைச் சிறுவனின் வயதேதான். புகார் கொடுக்கப் போன குடும்பங்களுக்குக் கிடைத்த பதில், எங்காவது "வாக்கபவுட்" போயிருப்பார்கள் என்பது. பூர்வகுடியினர் காரணமில்லாமல் ஊர் சுற்றப் போய்விடுவார்கள் என்று வெள்ளையர் கட்டிய கதை அது. நான்கு வயதுக் குழந்தை நடு இரவில் வாக்கபவுட் போகுமா? தொடக்கத்தில் விசாரணைக்கு வந்தவர்கள் கொலை வழக்குகளில் அனுபவமுள்ளவர்கள் அல்ல. சந்தேகம் குடும்பங்கள் மீதே திரும்பியது. அங்கே லிண்டியைத் துரத்தியது ஊர் வதந்தி. இங்கே வதந்தியைச் சீருடை போட்டவர்களே சொன்னார்கள். 2014இல் மாநில நாடாளுமன்றக் குழு இந்தக் குடும்பங்களை உட்காரவைத்துக் கேட்டு அறிக்கை எழுதியது.

சிறுமியின் எச்சங்களும் 16 வயதுப் பையனின் உடலும் ஊருக்கு வெளியே காட்டில் கிடைத்தன. முதலில் காணாமல் போன பெண்ணின் துணிகள் மட்டும் ஆற்றில் கிடைத்தன. ஒரே ஆள் மீது இரண்டு தனித்தனி வழக்கு. 1994லும் 2006லும் விடுதலை. மூன்று மரணங்களையும் ஒரே வழக்காக ஒரே நடுவர் குழு முன்னால் விசாரியுங்கள் என்று குடும்பங்கள் தெருவில் நின்று கேட்டார்கள். சட்டத்தையே திருத்த வைத்தார்கள். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றமும் மறுத்தது.

தம்பி அனுப்பிய காணொளிக்கு நான் பதிலாக அனுப்பியது பௌராவில் குழந்தைகளைப் பற்றி ஒரு பத்தி. "இதை நான் கேள்விப்பட்டதே இல்லையே அண்ணே" என்றார்.