பாம்பை வைக்க மண்பானை ஏன்?

தொண்டைமானாற்றுப் பக்கம் தோட்டத்தில் நின்றவரைப் புடையன் கடித்தால், வைத்தியசாலையில் ஏற்றப்படுவது இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து. அங்கே அந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கான விஷத்தில் பெரும்பகுதி, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் மண்பானைகளில் வைத்திருக்கும் பாம்புகளிடமிருந்து எடுக்கப்படுகிறது. எடுப்பவர்கள் இருளர்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோக, 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து விஷம் எடுக்கத் தொடங்கினார்கள்.

கண்ணாடிப் பெட்டியோ இரும்புக் கூடோ இருக்க, பானை ஏன்? பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சுற்றியுள்ள சூடுதான் அதன் சூடு. வெயில் பட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் வெப்பம் அடைபட்டு, சிறிது நேரத்திலேயே பாம்பு செத்துப்போகலாம். மண்பானையின் சுவரிலோ நுண்துளைகள் உண்டு. கோடையில் வீட்டுப் பானைத் தண்ணீர் குளிர்வதுபோல, ஈரம் அதன் வழியே ஆவியாகி உட்புறம் குளிர்ந்திருக்கும். உள்ளே இருட்டு, புற்றுக்குள் கிடப்பதுபோல் பாம்பு அடங்கிக் கிடக்கும். அடியில் மணல், வாயில் பருத்தித் துணி இழுத்துக் கட்டு: காற்றுப் போகும், பாம்பு வராது. பானை உடைந்தால் இன்னொன்று, செலவும் பெரிதில்லை.

கம்பிவலை இரண்டு வகையில் கெடுதல். வெளியே போக முயலும் பாம்பு மூக்கை அதில் உரசி உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும். உப்புக்காற்றடிக்கும் நம் கரையோரத்தில் அது எத்தனை நாள் துருவேறாமல் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. பூச்சில்லாத பலகை கழிவை உறிஞ்சும். இடுக்குகளில் உண்ணி குடியேறும். சொரசொரப்பான சீமெந்துத் தரை வயிற்றுச் செதில்களைத் தேய்க்கும்.

ஆனால் பானை தற்காலிக இடம் மட்டுமே. இருளர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் வைத்து, நான்கு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் வைப்பதென்றால் பாம்பு நீட்டிப் படுக்க இடமும், வெயிலும் நிழலும் மாறிமாறிக் கிடைக்கும் வசதியும் வேண்டும்.

இது நமக்குத் தூரத்து விஷயமல்ல. ஒரே இனப் பாம்பாக இருந்தாலும் ஊருக்கு ஊர் விஷம் வேறுபடும். அதனால்தான் இலங்கைப் பாம்புகளின் விஷத்திலிருந்தே மருந்து செய்ய வேண்டும் என்று இங்குள்ள மருத்துவ ஆய்வாளர்கள் கேட்டுவருகிறார்கள். அதற்கு முதலில் பாம்புகளை உயிரோடும் நலத்தோடும் இங்கே வைத்திருக்க வேண்டும். அது அனுமதி பெற்ற நிலையங்களின் வேலை. வீட்டுக்குள் புடையனைக் கண்டால் பானையோடு ஓடவேண்டாம்; விலகி நின்று, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.