செராம்பூர் - பலருக்குத் தெரியாத முதல் பல்கலைக்கழகம்

இந்தியாவின் முதல் நவீன பல்கலைக்கழகங்கள் எவை என்று கேட்டால், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: கல்கத்தா, பம்பாய், சென்னை, வருடம் 1857. ஆனால் அதற்கு 30 வருடங்களுக்கு முன்பே பட்டம் வழங்கும் உரிமை பெற்ற ஒரு கல்லூரி இந்தியாவில் இருந்தது. அதன் பெயர் செராம்பூர் கல்லூரி. வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையில் இன்றும் இருக்கிறது. பின் ஏன் பலருக்கும் அதைத் தெரியவில்லை?

செராம்பூர் அப்போது ஆங்கிலேயர் ஊர் இல்லை, நம் தரங்கம்பாடியைப் போல டென்மார்க்குக்குச் சொந்தமான ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை விரும்பவில்லை. எனவே 1800ல் வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு மூவரும் டேனிஷ் கொடியின் நிழலில் ஒதுங்கினார்கள். கேரி செருப்புத் தைத்தவர், வார்டு அச்சுத் தொழில் தெரிந்தவர், மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர். 1818ல் மூவரும் சேர்ந்து கல்லூரியைத் தொடங்கினார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, மற்றவர்களும் படிக்கலாம். கீழை நாட்டு இலக்கியமும் ஐரோப்பிய அறிவியலும் பாடங்கள்.

மார்ஷ்மன் ஐரோப்பா சென்று டென்மார்க் மன்னர் ஆறாம் ஃபிரடெரிக்கைச் சந்தித்தார். 1827ல் அரச சாசனம் கிடைத்தது. பட்டம் வழங்கும் முழு உரிமை! ஆனால் அந்தச் சாசனத்தின்படி முதல் இறையியல் பட்டங்கள் (பி.டி.) வழங்கப்பட்டது 1915ல்தான். நடுவில் 88 வருடங்கள்.

இந்தத் தாமதத்துக்கு முதல் காரணம் பணம். 1830களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் பெரிய வணிக நிறுவனங்கள் வரிசையாகத் திவாலாயின. அவற்றில் போட்டிருந்த செராம்பூர் பணமும் போனது. வார்டு 1823லும், கேரி 1834லும், மார்ஷ்மன் 1837லும் மறைந்தார்கள்.

இரண்டாவது காரணம் மொழி. செராம்பூர்க்காரர்கள் வங்காளத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் முக்கியத்துவம் தந்தார்கள். 1835க்குப் பிறகு அரசு ஆங்கிலக் கல்வி பக்கம் சாய்ந்தது. 1844ல் ஆங்கிலம் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்றும் ஆனது.

மூன்றாவதுதான் முக்கியமான காரணம். 1845ல் டென்மார்க் செராம்பூரையும் தரங்கம்பாடியையும் கம்பெனிக்கு விற்றுவிட்டது. கல்லூரியின் உரிமைகள் ஒப்பந்தத்தில் காப்பாற்றப்பட்டன. ஆனால் ஊரைவிட்டே போய்விட்ட ஒரு அரசனின் முத்திரையை நம்பி யார் வேலை கொடுப்பார்கள்? 1857ல் கல்கத்தா பல்கலைக்கழகம் வந்ததும், தானே பட்டம் தரும் உரிமை இருந்தும் செராம்பூர் அதனோடு இணைந்தது. மாணவர்களுக்கு வேண்டியிருந்தது வேலை கிடைக்கும் பட்டம். 1883ல் கலைப் பிரிவு மூடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மறுபடி உயிர் வந்தது.

1918ல் வங்காள சட்டமன்றம் செராம்பூர் கல்லூரிச் சட்டத்தை இயற்றியது. செனட் என்ற அமைப்பு உருவானது. அதன்பின் செராம்பூரின் வேலை இரண்டாகப் பிரிந்தது. அங்கே பி.ஏ., பி.எஸ்சி. படிப்பவருக்குக் கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டம், இறையியல் படிப்பவருக்கு மட்டும் செராம்பூர் பட்டம். மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படிப்பவர்களும், இலங்கையில் பிலிமத்தலாவையில் படிப்பவர்களும் வாங்குவது இந்த செனட்டின் பட்டம்தான். ஆனால் அவர்கள் செராம்பூரைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊரில் தெரிவது உள்ளூர்க் கல்லூரியின் பெயர். சர்ச்சுகளுக்கு வெளியே அந்தப் பட்டத்தை யாரும் கேட்பதும் இல்லை.

சிறிய மதக் கல்வி நிறுவனங்கள் பலவற்றின் கதையும் ஏறக்குறைய இதுதான். தரம் இல்லாததால்தான் பெயர் தெரியவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு பல்கலைக்கழகத்தைப் பிரபலமாக்குவது அதன் வயதோ சாசனமோ அல்ல, அதன் பட்டத்தை எத்தனை கதவுகள் ஏற்றுக்கொள்கின்றன என்பதுதான். செராம்பூர் பட்டத்துக்குத் திறந்தது ஒரே ஒரு கதவு. அந்தக் கதவுக்கு உள்ளே இருப்பவர்களுக்குச் செராம்பூரைத் தெரியாமல் இருக்காது!