பறப்புப் பலகை செத்துவிட்டதா? தூக்கி எறியுமுன் பார்க்கவேண்டியவை

சொந்தமாக ட்ரோன் பொருத்துகிறவர்களிடம் அடிக்கடி கேட்கக்கூடிய வசனம், "அது செத்துப்போச்சு" என்பது. ட்ரோனின் மூளையாக இயங்கும் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஃபேர்ம்வெயார் எனப்படும் உள்மென்பொருளை மாற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விடுகிறது, அல்லது யூஎஸ்பி வயர் கழன்றுவிடுகிறது. அதன்பின் எத்தனை தடவை செருகினாலும் கணினி அதைக் கண்டுகொள்வதில்லை.

அந்த இடத்திலேயே நம்பிக்கையை விட்டுவிட்டு, புதிய பலகைக்குப் பணம் தேடத் தொடங்குகிறார்கள். இவை எல்லாம் இறக்குமதிப் பொருட்கள். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்ட பின்னர், ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 350 ரூபாயைத் தாண்டியது. அதன்பின் ஒரு மாணவருக்கோ, தொழில் தொடங்க நினைக்கும் ஓர் இளைஞருக்கோ இரண்டாவது பலகை வாங்குவது இலேசான காரியமல்ல. ஆனால் உள்மென்பொருள் கெட்டுப்போனதால் மட்டும் இத்தகைய பலகைகள் சாவதில்லை. அதற்கான காரணம் அவற்றின் சிப்புக்குள்ளேயே இருக்கிறது.

அழிக்க முடியாத பகுதி

இன்று பாவனையிலுள்ள பறப்புப் பலகைகள் பலவற்றில் எஸ்ரிமைக்ரோஎலக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தின் எஸ்ரிஎம்32 வகைச் சிப் இருக்கும். எஃப்405, எஃப்411, எஃப்722, எச்743 என்பவை அதன் சில வகைகள். சிப்பின் முதுகில் சிறிய எழுத்தில் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். கைத்தொலைபேசிக் கமராவால் பெருப்பித்துப் பார்த்தால் வாசிக்கலாம்.

மின்சாரம் கிடைத்ததும் முதலில் ஓடி, உள்மென்பொருளை ஏற்றவோ தொடக்கிவைக்கவோ செய்யும் சிறு நிரலே பூட்லோடர். எஸ்ரிஎம்32 சிப்பில் அது தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டுவிடுகிறது. நாம் ஏற்றும் உள்மென்பொருள் வேறொரு நினைவகத்தில் இருக்கிறது. அதை முற்றாக அழித்தாலும் தொழிற்சாலைப் பூட்லோடருக்கு எதுவும் ஆகாது. சிப் உயிரோடு இருக்கும்வரை அதன்வழியாகப் புதிய உள்மென்பொருளை ஏற்றலாம். அந்த நிலைக்குப் பெயர் டிஎஃப்யூ.

ஆகவே சிக்கல் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான்: வயர், கணினியின் ட்ரைவர், பிழையான உள்மென்பொருள். இவற்றை ஒழுங்கு மாறாமல் பார்க்க வேண்டும். எதைத் தொடங்குமுன்பும் விசிறிகளைக் கழற்றிவிடுங்கள், பற்றரியையும் பிரித்துவிடுங்கள். பிழையான அமைப்பு ஏறினால் மோட்டர் திடீரெனச் சுழலக்கூடும். மேசையில் விரலை வெட்டிக்கொள்ள அது போதும்.

முதலில் வயர்

கைத்தொலைபேசிச் சார்ஜருடன் வரும் யூஎஸ்பி வயர்களில் சில மின்சாரத்தை மட்டும் கடத்தும், தரவைக் கடத்தாது. பலகையில் விளக்கு எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது. அதே வயரால் கைத்தொலைபேசியிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வயரை மாற்றுங்கள். ஹப் எதுவும் இடையில் இல்லாமல் நேரே கணினியில் செருகுங்கள்.

கணினி என்ன சொல்கிறது?

விண்டோஸில் டிவைஸ் மனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பலகையைச் செருகுங்கள். நான்கில் ஒன்று நடக்கும்.

1. கொம் போர்ட் என்று புதிய வரி வந்தால் பலகை வழமையான நிலையில் ஓடுகிறது. அப்படியிருந்தும் இணைக்க முடியாவிட்டால், முப்பரிமாண அச்சு மென்பொருள், ஆர்டுயினோ, மிஷன் பிளானர் போன்ற வேறொன்று அந்த போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கலாம். அவற்றை மூடிவிட்டு முயலுங்கள்.

2. எஸ்ரிஎம்32 பூட்லோடர் என்று வந்தால் பலகை டிஎஃப்யூ நிலையில் இருக்கிறது. சிப் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

3. அடையாளம் தெரியாத யூஎஸ்பி சாதனம் என்று வந்தால் வயரையும் கணினியின் துளையையும் மாற்றிப் பாருங்கள். அதன் பின்னும் மாறாவிட்டால் பலகையில் பழுது இருக்கக்கூடும்.

4. எதுவுமே வராவிட்டால் பலகையை டிஎஃப்யூ நிலைக்குக் கொண்டுவர முயல வேண்டும்.

டிஎஃப்யூ நிலைக்குக் கொண்டுவருதல்

பலகையில் பூட் என்று குறித்த சிறு பொத்தான் இருக்கும். வயரைக் கழற்றி, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி வயரைச் செருகி, சில விநாடிகளின் பின் விடுங்கள். பொத்தானுக்குப் பதிலாக இரண்டு ஈயப் புள்ளிகள் இருந்தால், செருகும்போது அவற்றைச் சாமணத்தால் இணைத்துப் பிடிக்க வேண்டும்.

பொத்தானைச் சரியாக அழுத்தியும் பலர் இங்கே தோற்றுப்போவதற்கு ஒரு காரணம் உண்டு. தொழிற்சாலைப் பூட்லோடர் யூஎஸ்பியை மட்டுமல்ல, சில தொடர் இணைப்புகளையும் கவனித்துக்கொண்டிருக்கும். அவற்றில் பொருத்திய ரிசீவரிலிருந்தோ ஜிபிஎஸ்ஸிலிருந்தோ தரவு முந்தி வந்தால், அது அந்தப் பக்கம் திரும்பிவிடும். யூஎஸ்பியில் எதுவும் தெரியாது. அவற்றைக் கழற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

ட்ரைவர்

விண்டோஸ் 10 முதல் கொம் போர்ட்டுக்கான ட்ரைவர் கூடவே வருகிறது. டிஎஃப்யூவுக்குத்தான் வின்யூஎஸ்பி என்ற ட்ரைவரை நாமே பொருத்த நேரிடும். அதற்கு ஸாடிக் என்ற இலவச மென்பொருள் உதவும். பலகையை டிஎஃப்யூ நிலையில் வைத்து, ஸாடிக்கில் எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொல்லி, எஸ்ரிஎம்32 பூட்லோடரைத் தெரிவுசெய்து, வின்யூஎஸ்பியை இடுங்கள். இதையே தானாகச் செய்யும் இம்பல்ஸ்ஆர்சி ட்ரைவர் ஃபிக்ஸர் என்ற சிறு மென்பொருளும் உண்டு.

ஸாடிக்கில் அவசரப்படக் கூடாது. பட்டியலில் உங்கள் மவுஸும் விசைப்பலகையும்கூட இருக்கும். பிழையானதைத் தெரிவுசெய்தால் அவை வேலை செய்யாமல் போகும். பொத்தானை அழுத்துமுன் அடையாள இலக்கம் 0483, டிஎஃப்11 என்றிருக்கிறதா என்று பாருங்கள். வழமை நிலையிலுள்ள பலகைக்கு வின்யூஎஸ்பியை இட்டுவிட்டால் கொம் போர்ட் மறைந்துவிடும். டிவைஸ் மனேஜரில் அந்தச் சாதனத்தை ட்ரைவருடன் சேர்த்து நீக்கிவிட்டு மீண்டும் செருகினால் பழைய நிலை திரும்பும்.

லினக்ஸில் ட்ரைவர் தேவையில்லை. ஆனால் உங்கள் கணக்குக்கு அந்த போர்ட்டைத் திறக்கும் அனுமதி இருக்க வேண்டும். பயனரை டயல்அவுட் குழுவில் சேர்ப்பது வழமையான தீர்வு.

எஃப்1, எஃப்3 சிப் கொண்ட பழைய பலகைகள் சிலவற்றில் சிபி2102 என்ற தனிச் சிப் யூஎஸ்பியைக் கையாளும். அவற்றில் டிஎஃப்யூவைத் தேடிப் பயனில்லை. சிலிக்கன் லாப்ஸ் நிறுவனத்தின் ட்ரைவரைப் பொருத்தி, கொம் போர்ட் வழியாகவே ஏற்ற வேண்டும்.

சரியான உள்மென்பொருள்

பீற்றாஃப்ளைட்டில் ஒவ்வொரு பலகைக்கும் தனி இலக்குப் பெயர் உண்டு. தோற்றத்தில் ஒத்திருக்கும் இன்னொரு பலகையின் கோப்பை ஏற்றினால் உணரிகளோ மோட்டர்களோ இயங்காமல் போகலாம். பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போதே கட்டளைச் சாளரத்தில் "வேர்ஷன்" என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சு செய்து பலகையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். "டிஃப் ஆல்" என்ற கட்டளை தரும் அமைப்புகளையும் ஒரு கோப்பில் சேமித்துவையுங்கள். முழுச் சிப்பையும் அழிக்கும் தெரிவோடு ஏற்றினால் பழைய அமைப்புகள் ஒன்றும் மிஞ்சாது.

வரைபடம் எடுப்போரும் தானாகப் பறக்கும் ட்ரோன் செய்வோரும் ஆர்டுபைலட்டுக்கு மாறுவதுண்டு. அங்கே இன்னொரு பூட்லோடர் இருக்கிறது. ஆர்டுபைலட்டின் பூட்லோடர் தொழிற்சாலையில் பதிக்கப்பட்டதல்ல, உள்மென்பொருள் இருக்கும் நினைவகத்தின் தொடக்கத்தில் எழுதப்படுவது. ஆகவே முதல் தடவை, பூட்லோடரும் சேர்ந்த ஹெக்ஸ் கோப்பை டிஎஃப்யூ வழியாக ஏற்ற வேண்டும். அடுத்த தடவைகளில்தான் மிஷன் பிளானர் ஊடாக வழமையான கோப்பு ஏறும். இந்த முதற்படியைத் தவறவிடுபவர்களே பலகை பழுதென்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

உண்மையிலேயே பழுதென்றால்

யூஎஸ்பியைச் செருகிய சில விநாடிகளில் சிப் கை வைக்க முடியாதபடி சுட்டால், உடனே கழற்றுங்கள். அது குறுஞ்சுற்று. விளக்கு எதுவும் எரியாவிட்டால் மல்ரிமீற்றரால் 3.3 வோல்ற் புள்ளியை அளந்து பாருங்கள். அது இல்லையென்றால் பழுது மின்வழங்கியில் இருக்கலாம். எஃப்405 சிப்பின் டிஎஃப்யூவுக்கு வெளிப்படிகம் ஒன்று தேவை. ட்ரோன் விழுந்தபோது அது வெடித்திருந்தால், சிப் நன்றாக இருந்தும் யூஎஸ்பியில் தெரியாது. ஈயப்பற்று வேலை தெரிந்த ஒருவரால் அதை மாற்ற முடியும். எஸ்ரி-லிங்க் என்ற சிறு கருவியால் சிப்புடன் நேரடியாகப் பேசிப் பார்ப்பது கடைசி வழி.

பலகை உயிர்பெற்றதும் அதே உற்சாகத்தில் பறக்கவிட்டுவிட வேண்டாம். விசிறி இல்லாமல் மோட்டர்கள் சரியான திசையில் சுழல்கின்றனவா, பலகையைச் சாய்க்கும்போது திரையிலுள்ள படமும் அதே பக்கம் சாய்கிறதா என்று முதலில் பாருங்கள். இலங்கையில் ட்ரோன் பறக்கவிடுவது சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் பறப்புகள் இடைநிறுத்தப்பட்டிருந்தன. நடைமுறையிலுள்ள பதிவு, அனுமதி விதிகளைக் கேட்டறிந்த பின்னரே வெளியில் எடுத்துச் செல்லுங்கள்.

அயலவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போர்க்காலத்து வேவு விமானத்தை வன்னி மக்கள் "வண்டு" என்றுதான் அழைத்தார்கள். தலைக்கு மேலே அந்த இரைச்சல் கேட்டால் இன்றும் சிலர் முற்றத்தை விட்டு உள்ளே போய்விடுவார்கள். நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் பறக்கவிட அதிக நேரம் எடுக்காது.